புற்று வேர்விடும் நிலம்

உரும்பிராயில் செழிக்கிற வெங்காயத்தைக் கொழும்புத்துறைக் கரையோரம் நட்டால் வாடிப்போகும். விதைவெங்காயத்தில் பிழை இருக்காது. வலிகாமத்துச் செம்மண்ணுக்கும் கடனீரேரி நனைக்கும் உவர்மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. புற்றுநோய் ஆராய்ச்சி அதே பாடத்தைப் படிக்க நூறு வருடத்துக்குக் கிட்ட எடுத்தது.

படிக்கத் தொடங்கியவர் லண்டனில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த ஸ்டீபன் பாஜெட். மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைப் பதிவுகளை வைத்துக்கொண்டு 1889இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். குருதி எல்லா உறுப்புக்கும் போகிறது. அதில் மிதந்து வரும் புற்றுக்கலங்களும் எல்லா உறுப்புக்கும் போயிருக்க வேண்டும். ஆனால் ஈரலில் புற்று அடிக்கடி தென்பட்டது, மண்ணீரலில் அபூர்வமாகவே தென்பட்டது. மண்ணீரலுக்குப் போகிற குருதி ஒன்றும் குறைவில்லையே, அங்கே ஏன் முளைக்கவில்லை? விதை எல்லாத் திசைக்கும் போகும், தோதான நிலம் கிடைத்த இடத்தில்தான் பிடிக்கும் என்பது பாஜெட் கண்ட விடை.

அந்த விடையை மருத்துவ உலகம் அதிகம் பொருட்படுத்தவில்லை. 1920களில் அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூயிங் வேறொரு விளக்கம் சொன்னார். குருதியும் நிணநீரும் ஓடும் வழியில் முதலில் எதிர்ப்படும் நுண்குழாய்களில் புற்றுக்கலங்கள் சிக்கிக்கொள்கின்றன, பரவலுக்கு அதுவே காரணம் என்றார். பாதி உண்மைதான். குடலில் தொடங்கிய புற்று ஈரலுக்குப் போவதை அது நன்றாகவே விளக்கியது. அதனால் பல பத்தாண்டுகள் நிலத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை.

பாஜெட்டை மீட்டுக் கொண்டுவந்தது ஒரு தோல் புற்றுநோய்: மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் என்ற பொருளைச் செய்கிற நிறக்கலங்களில் தொடங்குவது இது. தோலில் வரும் மற்றப் புற்றுகள் இதைவிடப் பன்மடங்கு அதிகம், ஆனால் பெரும்பாலும் வந்த இடத்திலேயே கிடப்பவை. மெலனோமா அப்படிக் கிடக்காது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியலாளர், மெலனோமா தோலுக்குள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்று அளந்தாலே நோயாளியின் எதிர்காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம் என்று காட்டினார். ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் வெட்டி எடுத்ததோடு பெரும்பாலானவர்களுக்குக் கதை முடிந்துவிடும். நான்கு மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால் கவலை பெரிது. இவ்வளவு சிறிய அளவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவதற்குக் காரணம், அந்தச் சில மில்லிமீற்றருக்குள் கலங்கள் கடந்துபோகும் அயல் மாறிவிடுகிறது என்பதே.

கால்நடை வைத்தியராகப் பயின்ற ஐசையா ஃபிட்லர் சுண்டெலிகளின் மெலனோமாவை வைத்துப் பரவலை ஆராய்ந்தார். கதிரியக்க அடையாளமிட்ட புற்றுக்கலங்களைக் குருதியில் செலுத்தி எண்ணியபோது, ஒரு நாளுக்குப் பிறகு ஆயிரத்தில் ஒரு கலம்கூட உயிரோடு மிஞ்சவில்லை. புதிய கட்டியாக வளர்ந்தது பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. குருதியில் புற்றுக்கலம் இருக்கிறது என்றால் ஆளுக்கு முடிவு வந்துவிட்டது என்று பயப்படுகிறோம். உண்மையில் அந்தப் பயணத்தில் சாவது பெரும்பாலும் புற்றுக்கலம்தான்.

1980இல் இயன் ஹார்ட்டும் ஃபிட்லரும் வெளியிட்ட பரிசோதனை இன்னும் அழகானது. சுண்டெலியின் தொடைத் தசைக்குள் நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் சிறு துண்டுகளைப் பதித்தார்கள். அவை குருதியோட்டம் பெற்றுப் பிடித்துக்கொண்ட பிறகு மெலனோமாக் கலங்களை நாளத்துக்குள் செலுத்தினார்கள். கலங்கள் மூன்று துண்டுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் போய்த் தங்கின. யூயிங் சொன்னது மட்டும் சரியென்றால் மூன்றிலும் கட்டி வந்திருக்க வேண்டும். வந்தது நுரையீரல் துண்டிலும் சூலகத் துண்டிலும் மட்டும். சிறுநீரகத் துண்டில் வரவில்லை. இருந்த இடம் ஒரே தொடை, ஓடிய குருதி ஒரே குருதி, கலமும் ஒரே கலம். வேறுபட்டது இழையம் மட்டுமே. பாஜெட் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

கட்டியைச் சுற்றியுள்ள இந்த அயலைத்தான் இன்று கட்டியின் நுண்சூழல் என்கிறார்கள். தோலில் அது எப்படி இருக்கிறது?

மேற்றோலின் அடிப்படலத்தில், சுற்றியுள்ள தோற்கலங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நிறக்கலங்கள் இருக்கின்றன. ஒரு நிறக்கலம் தன் கிளைகளால் ஏறத்தாழ 36 தோற்கலங்களுக்கு மெலனினைக் கொடுக்கிறது. பதிலுக்கு அந்தத் தோற்கலங்கள் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றன: எப்போது பிரிவது, எங்கே நிற்பது என்பதெல்லாம் அவற்றின் இரசாயனச் சைகைகளைப் பொறுத்தது. இரண்டையும் பிணைத்து வைப்பது ஈ-கட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதம். மெலனோமாவாக மாறும் கலம் அந்தப் புரதத்தைக் கைவிட்டு, என்-கட்ஹெரின் என்ற இன்னொன்றைச் செய்யத் தொடங்குகிறது. இந்தப் புதிய ஒட்டு தோற்கலங்களோடு சேராது. அடித்தோலில் இருக்கும் நார்க்கலங்களோடும் குருதிக்குழாய்ச் சுவரோடும் சேரும். ஆக, கலம் மேற்றோலின் கட்டுப்பாட்டிலிருந்து கழன்று, கீழே உள்ளவர்களோடு உறவு கொண்டாடுகிறது.

அடித்தோலில் யார் யார் இருக்கிறார்கள்? கொலாஜன் நார்களைச் செய்யும் நார்க்கலங்கள், குருதிக்குழாய்கள், நிணநீர்க்குழாய்கள், நரம்புகள், நிர்ப்பீடனக் கலங்கள். இவர்களில் சிலர் புற்றுக்கு எதிரிகள். சிலர் முதலில் எதிர்த்துவிட்டுப் பிறகு துணைபோகிறவர்கள். கழிவுகளை விழுங்க வந்த பெருவிழுங்கிகள் கட்டிக்குள் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, அதற்குப் புதிய குருதிக்குழாய் வளர்க்க உதவத் தொடங்கிவிடும். நார்க்கலங்களின் கதைதான் எனக்கு இதில் மிகவும் சுவாரசியமானது. அதைச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் நாட்டில் பிறந்தவர்.

ஆஷானி வீரரத்ன இலங்கையில் பிறந்து, தென்னாபிரிக்காவுக்கு நடுவே இருக்கிற லெசோத்தோவில் வளர்ந்து, உயர்கல்விக்கு அமெரிக்கா போனவர். பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் பல வருடம் வேலை செய்து, 2019இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அவர் கேட்ட கேள்வி மிக எளிமையானது. மெலனோமா உள்ளவர்களில் வயது போனவர்கள் அதிகமாக இறக்கிறார்களே, அதற்குக் கலத்தின் வயது காரணமா, அது இருக்கும் தோலின் வயது காரணமா?

ஆய்வுகூடங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் ஆறு தொடக்கம் எட்டு வார வயதுச் சுண்டெலிகளையே எடுப்பார்கள். மனிதக் கணக்கில் அவை இளவட்டங்கள். முதுமையில் வரும் நோயை இளமையில் வைத்துப் படிக்கும் இந்தப் பழக்கத்தை விலை குறைவு, வசதி என்பதைத் தவிர வேறு எதனாலும் நியாயப்படுத்த முடியாது. வீரரத்னவின் குழு ஒரு வயது தாண்டிய சுண்டெலிகளையும் எடுத்தது. இரண்டு கூட்டத்துக்கும் அதே மெலனோமாக் கலங்களைத் தோலில் செலுத்தினார்கள். இளம் சுண்டெலிகளில் கட்டி வேகமாகப் பெருத்தது. வயதானவற்றில் மெதுவாகவே வளர்ந்தது, ஆனால் நுரையீரலுக்கு அதிகமாகப் பரவியது. ஒரே கலம் இளம் தோலில் இருந்த இடத்திலேயே பெருத்தது, முதிர்ந்த தோலில் கிளம்பிப் போனது.

அமன்பிரீத் கௌர் முதல் ஆசிரியராக 2016இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை அதன் காரணங்களில் ஒன்றைச் சொன்னது. முதிர்ந்த நார்க்கலங்கள் எஸ்எஃப்ஆர்பி2 என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன. அது மெலனோமாக் கலத்துக்குள் நடக்கும் ஒரு சைகைத் தொடரை அடக்குகிறது. அதனால் கலம் பிரிவதைக் குறைத்துக்கொண்டு நகர்வதைக் கூட்டுகிறது. போதாக்குறைக்கு, மெலனோமாவுக்குக் கொடுக்கும் வெமுராஃபெனிப் என்ற மருந்தையும் தாங்கிக்கொள்ளப் பழகுகிறது.

2019இல் அதே குழு இன்னொரு காரணத்தைக் காட்டியது. தோலில் கொலாஜன் நார்களைக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னி வைத்திருக்க உதவும் ஹாப்லன்1 என்ற புரதம் வயது போகப் போகக் குறைகிறது. பின்னல் தளர்ந்து நார்கள் ஒரே திசையில் நீண்டு கிடக்கும்போது புற்றுக்கலங்கள் அவற்றின் வழியே இலகுவாக நகர்கின்றன. அதே மாற்றம் புற்றைக் கொல்ல வரும் டி-கலங்களின் நடமாட்டத்தைத் தடுக்கிறது. நிணநீர்க்குழாய்களின் சுவரும் இந்தப் புரதம் குறைந்தால் கசியத் தொடங்குகிறது. குறைந்த புரதத்தைத் திரும்பக் கொடுத்தபோது முதிர்ந்த சுண்டெலிகளில் பரவல் குறைந்தது. ஒரு சுருக்கம் விழுந்த தோலுக்குள் இத்தனை அரசியல் நடக்கிறது.

தோலைவிட்டுக் கிளம்பிய கலம் அடுத்து எங்கே போகிறது? பெரும்பாலும் முதலில் நிணநீருக்குள். இதை நெடுங்காலம் குழாய் அமைப்பின் விளைவாக மட்டுமே பார்த்தார்கள். நிணநீர்க்குழாயின் சுவர் மெல்லியது, நுழைவது சுலபம். அமெரிக்காவின் டெக்சாஸில் ஷோன் மொரிசனின் ஆய்வுகூடம் 2020இல் இன்னொரு காரணத்தைக் கண்டது. குருதியில் ஒட்சிசன் அதிகம், இரும்பு அதிகம். அங்கே மெலனோமாக் கலங்களின் மென்சவ்வுக் கொழுப்பு ஒட்சியேற்றம் அடைந்து அவை செத்துப்போகின்றன. நிணநீரில் அந்தத் தாக்கம் குறைவு. ஒலிவ் எண்ணெயில் நிறைய இருக்கிற ஒலெயிக் அமிலம் நிணநீரிலும் உண்டு, அது கலத்துக்குப் பாதுகாப்பாகிறது. நிணநீரில் சிறிது காலம் தங்கிப் பிறகு குருதிக்குள் போன கலங்கள் அதிகமாகத் தப்பிப் பிழைத்தன.

இதே ஆய்வுகூடம் 2015இல் சொன்ன ஒன்றையும் இங்கே சொல்லிவிடவேண்டும். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது மெலனோமாவின் பரவல் கூடியது. ‘அன்டிஒக்சிடன்ட்’ என்று போத்தலில் எழுதியிருந்தால் நல்லதுதானே என்று வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் மாத்திரைகளைப் புற்றுநோயாளிக்குக் கொடுக்கிறவர்கள், முதலில் வைத்தியரிடம் கேட்கட்டும்.

போன இடத்திலும் வயது விளையாடுகிறது. தோலில் மெலனோமாவை வெட்டி எடுத்து, எல்லாம் சரி என்று வீட்டுக்கு அனுப்பிய நோயாளிக்குப் பத்து வருடம் கழித்து நுரையீரலில் கட்டி வருவதுண்டு. இடையில் அந்தக் கலங்கள் உறங்கிக் கிடந்தன. வீரரத்னவின் குழு 2022இல் காட்டியது இதுதான்: இளம் சுண்டெலியின் நுரையீரலுக்குப் போன கலங்கள் உறக்கத்திலேயே இருக்கின்றன. நுரையீரல் முதுமையடையும்போது அதன் நார்க்கலங்கள் எஸ்எஃப்ஆர்பி1 என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து அவற்றை எழுப்பிவிடுகின்றன. முதுமையில் தோல் கலத்தை அனுப்பிவைக்கிறது, நுரையீரல் வரவேற்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பற்றிய ஆராய்ச்சி. மெலனோமா அதிகம் உள்ள நாடுகளில் முன்வரிசையில் நிற்பது அவுஸ்திரேலியா. அங்கே முதற்காரணம் வெயில். நம்மவர் நிலை வேறு. கொழும்புத்துறையில் இடுப்பளவு கடனீரேரியில் நின்று வலை இழுக்கிறவரின் முதுகு வருடம் முழுக்க வெயிலில் கருகுகிறது. அந்த முதுகில் மெலனோமா வருவது மிக அபூர்வம். அங்கே மெலனின் காவல் நிற்கிறது. கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத இடத்தில் வரும்: உள்ளங்காலில், குதியில், உள்ளங்கையில், நகத்துக்குக் கீழே.

பாடகர் பொப் மார்லிக்கு அப்படித்தான் வந்தது. 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா என்று கண்டறிந்தார்கள். உதைபந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் நினைத்திருந்தார். அது நுரையீரல், ஈரல், மூளை என்று பரவி 1981 மே 11இல் அவர் இறந்தபோது வயது 36.

உள்ளங்காலின் நுண்சூழல் வேறு எந்தத் தோலையும் போலில்லை. தோல் தடிப்பு, மயிர் கிடையாது, உடலின் முழுப் பாரமும் அதன்மேல். 2016இல் ஜப்பானிய வைத்தியர்கள் உள்ளங்கால் மெலனோமாக்கள் எங்கெங்கே வந்தன என்று குறித்துப் பார்த்தபோது, பாரம் அழுந்தும் குதியிலும் முன்பாதத்திலும் அவை கூடுதலாக இருந்தன, நிலத்தில் படாத நடுவளைவில் குறைவாக இருந்தன. வெயில் எழுதிய மரபணுப் பிழைகள் இந்த வகையில் குறைவு என்பதால் நிர்ப்பீடனக் கலங்களின் கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரிவதும் குறைவு. கட்டிக்குள் நுழைகிற டி-கலங்களும் மற்ற மெலனோமாக்களோடு ஒப்பிட்டால் சொற்பம். இதனால்தான் புதிய நிர்ப்பீடனச் சிகிச்சைகள் வெள்ளையர்களின் மெலனோமாவில் காட்டிய வெற்றியை உள்ளங்கால் மெலனோமாவில் காட்டவில்லை. ஆராய்ச்சிப் பணம் போகிற திசையில்தான் மருந்தும் கிடைக்கிறது என்று சொன்னால் கசப்பாக இருக்கும், பொய்யாக இருக்காது.

அந்தச் சிகிச்சைகள் எதைச் செய்கின்றன என்பதையும் பார்க்கலாம். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபிலிமுமாப் தொடங்கி இந்த வரிசை மருந்துகள் புற்றுக்கலத்தை நேரடியாகத் தாக்குவதில்லை. டி-கலங்களின் மேல் உள்ள தடையை எடுத்துவிடுகின்றன. இதற்கு அடிப்படை போட்ட ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொஞ்சோவும் 2018இல் நோபெல் பரிசு பெற்றார்கள். நிலத்தை மாற்றி விதையைக் கொல்லும் வைத்தியம் இது. முதியவர்களுக்கு இது பயன்படாது என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்ட மெலனோமா நோயாளிகள் இவ்வகை மருந்தொன்றுக்கு இளையவர்களைவிட நன்றாகவே பலன் காட்டினார்கள். முதுமை எல்லா விதத்திலும் புற்றின் பக்கம் நிற்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு நெருக்கமான இன்னொரு தோல் புற்று உண்டு. ஆறாத புண்ணிலும் பழைய எரிகாயத் தழும்பிலும் வருவது. பிரெஞ்சு வைத்தியர் மார்ஜோலின் 1828இல் எழுதிய விவரத்தால் மார்ஜோலின் புண் என்று பெயர். காஷ்மீரில் குளிருக்காக ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி நெருப்புச்சட்டி வயிற்றிலும் தொடையிலும் சுட்டுச் சுட்டு உண்டாக்கும் புற்றும் இதற்கு நெருங்கிய உறவு. காயத்தில் ஏன் புற்று வருகிறது? 1980களில் கலிபோர்னியாவில் மினா பிசெல்லின் குழு, புற்றை உண்டாக்கும் வைரஸைக் கோழிக்குஞ்சின் ஒரு சிறகில் செலுத்தியது. கட்டி அந்தச் சிறகில் வந்தது. வைரஸ் குருதியில் உடல் முழுக்கப் போயும் வேறெங்கும் வரவில்லை. மற்றச் சிறகில் ஒரு காயம் உண்டாக்கியபோது அங்கேயும் வந்தது. காயத்தை ஆற்ற உடல் சுரக்கிற வளர்ச்சிக் காரணிகளே புற்றுக்கு வேண்டியவையும். புண் ஆறினால் அவை நின்றுவிடும். ஆறாத புண்ணில் நிற்பதேயில்லை. தழும்புக்குள் குருதிக்குழாயும் நிணநீர்க்குழாயும் குறைவென்பதால் நிர்ப்பீடனக் கலங்கள் அங்கே போவதும் கடினம். இவ்வகைப் புற்று தோன்றக் காயம்பட்டு சராசரியாக 30 வருடம் எடுக்கும் என்பது பாடநூல் கணக்கு. போர் முடிந்தது 2009இல். இந்த மண்ணில் எரிகாயத் தழும்போடும் துண்டித்த கால் முனையில் உரசும் புண்ணோடும் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. வருடக்கணக்கில் ஆறாத புண்ணுக்கு மருந்து மட்டும் கட்டிக்கொண்டிருப்பது போதாது, ஒரு துண்டை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இங்கே ஒரு பயத்தைப் பேசாமல் விடமுடியாது. ‘கத்தி பட்டால் புற்று ஓடும்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். காயம் புற்றுக்கு உதவும் என்று இப்போதுதான் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் சோதனைக்கு மறுத்துவிடக் கூடாது. சில நாட்களில் ஆறுகிற சிறு வெட்டும் பத்து வருடம் ஆறாத புண்ணும் ஒன்றல்ல. மெலனோமா என்று சந்தேகிக்கும் இடத்தில் துண்டு எடுத்துச் சோதிப்பதால் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை என்று நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கத்திக்குப் பயந்து வீட்டில் வைத்திருக்கும் மாதங்களில்தான் அந்த மில்லிமீற்றர்கள் கூடுகின்றன.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மஹரகமைக்குப் போய்க் கிடக்க வேண்டியிருந்தது. தெல்லிப்பழையில் இப்போது புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் எழும்பியது அது. தூரம் இனி ஒரு சாட்டு இல்லை.

சலரோகக் கிளினிக்குக்குப் போகிறவர்களின் பாதத்தை அங்கே பார்ப்பார்கள். மற்றவர்களின் பாதத்தை வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும். வயது போனவர்களால் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. அப்புவின் காலையும் அம்மம்மாவின் காலையும் மாதத்துக்கு ஒருதரம் திருப்பிப் பாருங்கள். ஓரம் ஒழுங்கில்லாத கறுப்புப் புள்ளி, பெருத்துக்கொண்டு போகும் மறு, நகத்தடியில் அகலிக்கும் கருங்கோடு, மட்டி ஓடு கிழித்தது என்று சொல்லி மாதக்கணக்கில் ஆறாத வெடிப்பு: இவற்றில் எது தெரிந்தாலும் கால் ஆணி என்று சவரத் தகட்டால் சீவ வேண்டாம், எண்ணெய் பூசிப் பார்க்கவும் வேண்டாம். அந்தக் கிழமையே யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.